தொடாதீங்கப்பா என்று நீ சொன்ன சைக்கிள்

நீ எனக்குச் சொல்லியிருக்கும் நன்றியை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. திருப்பி அனுப்புகிறேன். அன்புள்ள மகனுக்கு என்று தொடங்கி, நலம், நலமறிய ஆவல் என்று நாலு வரி எழுதிவிட்டு இதைச் சொல்லியிருக்கலாம். இருக்கிற எரிச்சலில் அந்த நாலு வரி வர மறுக்கிறது. புனேயில் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு, சைக்கிள் பைத்தியங்கள் கூடும் ஏதோ ஒரு இணையதளத்தில் நீ இங்கிலீஷில் எழுதிய கட்டுரையை மேல்மாடி சென் பாபுவின் மகள் அச்செடுத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். "ஜேட்டு, உங்க பையன் உங்களைப் பத்தி எவ்ளோ அழகா எழுதியிருக்கான் பாருங்க" என்று, என்னைப் பெரியப்பா முறை வைத்து, வங்காளத்தில் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வீட்டிலேயே ஒரு மலைச் சைக்கிள் செய்யப் பார்த்துத் தோற்ற கதை. கடைசிப் பத்தியில் எனக்கு நன்றி. "எனக்குக் கை வராது என்று அப்பா அன்றே சொன்னார். அவர் சொன்னது சரி. என்னைக் காப்பாற்றினார்." இரண்டு தரம் படித்தேன். இரண்டாம் தரம் படித்து முடித்தபோது உன்னை நேரில் நிறுத்தி நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்க வேண்டும் என்று இருந்தது.

நீ ஊரறிய எழுதினாய். நானும் ஊரறியத்தான் எழுதுகிறேன். நம் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டுச் செயலாளர் என்னை நச்சரித்துக்கொண்டே இருக்கிறார். கல்கத்தா வாழ்க்கையைப் பற்றி இதமாக ஏதாவது எழுதுங்கள் சார் என்றார். அவருக்கு இதுதான் கிடைக்கும். தமிழில் எழுதினால் உனக்குத் திண்டாட்டம் என்பது தெரியும். எழுத்துக் கூட்டி அரைப் பக்கம் போவதற்குள் கொட்டாவி விடுவாய். அது நான் செய்த இன்னொரு தப்பு, அதை வேறொரு நாள் பார்க்கலாம். உனக்கு வரப்போகிறவள் திருச்சிக்காரி, தமிழை ஒழுங்காகப் படித்தவள். அவளையே உரக்கப் படிக்கச் சொல். எந்த மாதிரி ஆள் தனக்கு மாமனாராக வாய்க்கப் போகிறான் என்று தாலி ஏறுவதற்கு முன்பே அவளும் தெரிந்துகொள்ளட்டும்.

முதலில் உன் முதல் பத்தி. "என் அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, லேக் ஓரத்தில் சீட்டைப் பிடித்தபடி என் பின்னால் ஓடினார்." யார் ஓடினது? தொண்ணூற்று மூன்றில் உனக்குப் பதினோரு வயது. வாடகை சைக்கிள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, செருப்பைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு, சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினது உன் அம்மா. நான் மரத்தடியில் நின்றுகொண்டு பிரேக், பிரேக் என்று கத்திக்கொண்டிருந்தேன். நீ இரண்டு முறை விழுந்தாய், இரண்டு முறையும் நான் போட்ட கூச்சலில் திரும்பிப் பார்த்துத்தான் விழுந்தாய். "நீங்க கொஞ்ச நேரம் வாயை மூடிட்டு நில்லுங்க, அவனுக்குத் தானா வந்துரும்" என்றாள் உன் அம்மா. நான் கோபித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்றைக்கு நீ முழுச் சுற்று ஓட்டியதைக்கூட நான் பார்க்கவில்லை. இவ்வளவும் உனக்கு நினைவிருக்கும், பதினோரு வயதுப் பிள்ளைக்கு இது மறக்காது. படிக்கிறவர்களுக்கு ஒரு நல்ல அப்பா தேவைப்பட்டார் என்று நீயாக ஒருத்தரைத் தயார் செய்திருக்கிறாய். உன் அம்மாவுக்கு அந்தக் கட்டுரையில் என்ன இடம்? டீ போட்டுக் கொடுத்தாளாம். ஒரே வரி.

இனி என் உத்தியோகம். அதையும் நீ பூசி மெழுகியிருக்கிறாய். "ரயில்வேயில் இன்ஜினியர்" என்று எழுதியிருக்கிறாய். நான் இன்ஜினியர் இல்லை. ரயிலுக்கு வரும் போல்ட், நட்டு, பெட்டிகளை இணைக்கும் திருகுத் தண்டு இவற்றைச் சோதித்துப் பார்த்துத் தேறும், தேறாது என்று முத்திரை குத்துகிற ஆள். முப்பது வருடம் அடுத்தவன் செய்த பொருளில் குறை கண்டுபிடித்து வயிறு வளர்த்தேன். திருகு மரை சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் அளவுக் கருவி எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கும். அதே கண்ணோடுதான் வீட்டுக்கும் வருவேன். உன் கையெழுத்து தேறாது, நீ உட்காரும் விதம் தேறாது, நீ போடும் ஷூ முடிச்சு தேறாது. ஆனால் என் வாழ்நாளில் ஒரு போல்ட்டை நானாகச் செய்ததில்லை. ஒரு மரையை வெட்டியதில்லை. இருந்தும் நம் வீட்டில் இரும்பைப் பற்றித் தெரிந்தவன் நான்தான் என்று நான் சொன்னேன், நீங்கள் இரண்டு பேரும் சரி என்றீர்கள். இதை மனதில் வைத்துக்கொள், பின்னால் வேண்டியிருக்கும்.

நீ அந்தச் சைக்கிளை ஆரம்பித்தது கல்லூரி இரண்டாம் வருஷம். முன் சக்கரத்துக்கு மட்டும் குதித்து அமுங்கும் ஸ்பிரிங் ஃபோர்க், பின்னால் ஒன்றும் இல்லாத விறைப்பான சட்டம், அதற்கு ஹார்ட்டெயில் என்று பெயர் என்று சாப்பிடும்போது சொன்னாய். கடையில் வாங்கினால் உன் நீளமான காலுக்குப் பொருந்தாது, மலைப்பாதைக்குத் தாங்காது, அதனால் சட்டத்தையே உன் அளவுக்கு நீயே செய்யப் போவதாகச் சொன்னாய். இரும்புக் குழாய்களை ஒரு கோணத்தில் ஆடாமல் நிறுத்த ஒரு பலகை வேண்டும். "அப்பா தன் கட்டில் பலகையைக் கொடுத்து உதவினார்" என்று எழுதியிருக்கிறாய். நான் எங்கேயடா கொடுத்தேன்? சோதனை வேலையாக அசன்சோல் போய்விட்டு வந்து பார்க்கிறேன், என் கட்டில் பலகை பால்கனியில் ஆணி அடித்து, பென்சிலால் கோடு கிழித்துக் கிடக்கிறது. நான் போட்ட சத்தத்தில் சென் பாபு மேலேயிருந்து இறங்கி வந்துவிட்டார். மூன்று வாரம் தரையில் பாய் விரித்துப் படுத்தேன், உன்னைக் குத்திக் காட்டுவதற்காகவே.

ஆனால் பார்த்துக்கொண்டும் இருந்தேன். செய்தித்தாளின் பின்னால் இருந்து பார்த்தேன். நீ குழாயைச் சுற்றிக் காகிதத்தை ஒட்டி, அந்தக் காகிதக் கோட்டின் மேலேயே ஹேக்ஸாவால் அறுத்து, அரத்தால் ராவிக்கொண்டே இருப்பாய். ஒரு குழாயின் வாய் இன்னொரு குழாயின் உடம்பில் போய் உட்கார வேண்டும். இரண்டையும் சேர்த்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, நடுவில் ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தாலும் மறுபடி ராவுவாய். பெரிய பெரிய கம்பெனிக்காரன் அனுப்பிய சரக்கில் நான் அந்தப் பொறுமையைப் பார்த்ததில்லை. அளவு பார்த்து ராவி முடித்ததைத் தூக்கிக்கொண்டு காளிகாட்டில் கிரில் கதவு செய்யும் ஷம்பு மிஸ்திரியிடம் போவாய். அவர் பித்தளைக் கம்பியை உருக்கி ஒட்டிக் கொடுப்பார், நீ பக்கத்திலேயே கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்பாய். பிறகு ஒரு நாள் அவர் உன்னையே ஒட்டச் சொன்னார். அந்தச் சட்டத்தின் பின்பக்கத்து நாலு ஒட்டும் நீ போட்டவை. அவற்றை நீ இல்லாதபோது விரலால் தடவிப் பார்த்தேன். என் முத்திரையை எடுத்து அங்கேயே குத்தியிருப்பேன், தேறும் என்று. உன்னிடம் சொன்னது என்ன தெரியுமா? "பெயிண்ட் அடிச்சா மறைஞ்சிடும்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், பயந்துபோயிருந்தேன். நீ நன்றாகச் செய்ததுதான் என் பயம். மோசமாகச் செய்திருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். "அப்பா, இதையே தொழிலாப் பண்ணலாம்னு இருக்கேன். ஷம்புதா கூட இடம் தர்றேன்னு சொல்றார்" என்று நீ சொன்ன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. என் அப்பாவுக்கு இங்கே கிளார்க் வேலை, எனக்கு அதிகாரி வேலை, என் பிள்ளை காளிகாட் சந்தில் கரிபிடித்த கையோடு மிஸ்திரியா? சங்கத்தில் நாலு பேர் உன் பையன் என்ன செய்கிறான் என்று கேட்டால் என்ன சொல்வது? இதுதான் என் லட்சணம். அந்த நாலு பேரும் இதைப் படிக்கிறார்கள், படிக்கட்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பெடல் அச்சு போகும் குட்டிக் குழாய் சட்டத்தின் அடியில் இருக்கிறது அல்லவா, அதன் இரண்டு வாயிலும் இரும்புக் கப் ஒன்று ஒன்று திருகி உட்கார வேண்டும். வலது பக்கத்துக் கப்பைக் கையாலேயே இரண்டு சுற்று விட்டிருந்தாய். முழுக்க இறுக்க அதற்கென்று ஒரு சாவி வேண்டும், ஷம்பு மிஸ்திரியிடம் வாங்கி வருகிறேன் என்று கிளம்பினாய். அடுத்த வாரம் உன் நண்பர்களோடு டார்ஜீலிங் பக்கத்து மலைப்பாதைக்குப் போவதாக டிக்கெட்டுகூட எடுத்தாகிவிட்டது. வாசலில் நின்று திரும்பி, "தொடாதீங்கப்பா. நான் வந்து பாத்துக்கறேன்" என்றாய். நீ மரியாதையாகத்தான் சொன்னாய். எனக்கு அதில் கோபம் ஏறியது. முப்பது வருடம் மரை பார்த்தவனைப் பார்த்து இருபது வயதுப் பயல் தொடாதே என்கிறான். பத்து நிமிஷ வேலைக்கு இவன் சாவி தேடி காளிகாட் போகிறான், இவன் வருவதற்குள் முடித்து வைத்துவிட்டு மூஞ்சியைப் பார்க்கலாம் என்று எழுந்தேன்.

பாத்ரூம் குழாய்க்காக நான் வாங்கி வைத்திருந்த பைப் ரிஞ்சை எடுத்து வந்தேன். கப்பைக் கவ்வி, எல்லாரும் எதையும் இறுக்குவது போல வலது பக்கமாகத் திருப்பினேன். அது இறுகவில்லை. இரண்டு சுற்றில் கழன்று என் கையில் வந்துவிட்டது. அப்போதாவது யோசித்திருக்க வேண்டும். சைக்கிளில் வலது பக்கத்துக் கப்புக்கு இடது மரை, இடது பக்கமாகத் திருப்பினால்தான் இறுகும். மிதிக்கிற வேகத்தில் கழன்றுவிடக் கூடாது என்று அப்படி வைத்திருக்கிறான். தெருவில் பஞ்சர் ஒட்டுகிறவனுக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. ரயில் பெட்டிகளை இணைக்கும் திருகுத் தண்டில் ஒரு பாதி வலது மரை, மறு பாதி இடது மரை. அதை ஆயிரம் தடவை கையில் பிடித்துப் பார்த்துத்தான் தேறும் தேறாது என்றேன். அந்தக் கப்பைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து ஒரு நொடி பார்த்திருந்தால் போதும். நான் பார்க்கவில்லை. கையில் கழன்று வந்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். பார்த்தாயா, பயல் கோணலாக விட்டிருக்கிறான், ஒரு கப்பை நேராகப் போடத் தெரியவில்லை என்று உன் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பிறகு அதை மறுபடி வைத்து வலது பக்கமாகவே திருகினேன். போகவில்லை. அழுத்தித் திருகினேன். ரிஞ்சின் பிடியில் ஒரு குழாய்த் துண்டை மாட்டி, என் முழு எடையையும் போட்டுத் திருகினேன். கிறீச் என்று ஒரு சத்தம், நீ ராவி ராவி மெருகேற்றிய சட்டத்துக்குள்ளே மரை பிய்கிற சத்தம். எனக்கு அது இறுகும் சத்தமாகக் கேட்டது. முக்கால்வாசி உள்ளே போய் நின்றுவிட்டது, லேசாகச் சாய்ந்து. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. திருப்பிக் கழற்றப் பார்த்தேன், அசையவில்லை. சுற்றிலும் கிரீஸை அப்பி, ரிஞ்சின் பல் பட்ட இடத்தை மறைத்து, கையைக் கழுவிக்கொண்டு செய்தித்தாளை எடுத்து உட்கார்ந்துவிட்டேன்.

நீ சாவியோடு வந்தாய். குனிந்து பார்த்தாய். "காலையிலயே இவ்ளோ தூரம் இறுக்கிட்டேனா?" என்று உனக்குள்ளேயே சொன்னாய். பிறகு, "கொஞ்சம் கோணலா இருக்கே... நான்தான் ஆரம்பத்துல தப்பா விட்டுட்டேன் போல." என்னைத் திரும்பிப் பார்த்து, "நீங்க தொட்டீங்களாப்பா?" என்று கேட்டாய். நான் பேப்பரை இறக்காமல், "எனக்கு வேற வேலை இல்லையா?" என்றேன். நான் பொய் சொல்லவில்லை, பதிலுக்கு ஒரு கேள்விதான் கேட்டேன் என்று ஏழு வருடமாக என்னை நானே தேற்றி வந்திருக்கிறேன். கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு ஒரு புத்திமதி சொல்ல வேண்டுமென்றால் இதுதான் சொல்வேன். வீட்டில் ஒருத்தர் கேட்கும் நேரான கேள்விக்கு இன்னொரு கேள்வியைப் பதிலாகச் சொல்லாதே. உன் பெண்டாட்டி அப்படிச் சொன்னாலும் விடாதே, பேப்பரைப் பிடுங்கிவிட்டு மறுபடி கேள்.

உன் அம்மா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். நீ அந்தப் பக்கம் போனதும், "சொல்லிடுங்க, அவன் வேற வாங்கி மாட்டிக்குவான்" என்றாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். நாளைக்கு நீ கல்லூரியிலிருந்து வர நேரமாகிவிட்டது. அதற்கடுத்த நாள் நீ மற்றவற்றை எல்லாம் மாட்டிவிட்டாய். அந்தச் சைக்கிள் நின்ற அழகைப் பார்த்த பிறகு எனக்கு வாய் வரவில்லை. பிடித்துக்கொள்ளும், பிடித்துக்கொள்ளும் என்று நினைத்துக்கொண்டேன். சோதனைக்கு வந்த சரக்கை அப்படி நினைத்து ஒரு நாள் விட்டிருந்தால் என்னை வேலையை விட்டுத் தூக்கியிருப்பார்கள்.

அது பிடிக்கவில்லை. மலைக்குப் போகும் முன் பார்த்துவிடலாம் என்று காலையில் டாகுரியா பாலத்தில் ஏற்றினாய். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தபோது கப் பிய்த்துக்கொண்டு வந்து, அச்சு சரிந்து, பாலத்தின் கைப்பிடிச் சுவரில் போய் விழுந்தாய். தோள்பட்டை எலும்பும் மணிக்கட்டும் போயிற்று. பின்னால் பஸ் வரவில்லை. அதைப் பற்றி மேலே எழுதப்போவதில்லை. நர்சிங் ஹோமில் மாவுக்கட்டோடு படுத்திருந்தாய். உன் நண்பர்கள் அன்று மாலை ரயிலேறப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நீ சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாய். அப்போது நான் பேசினேன். நடந்ததைச் சொல்வேன் என்றுதான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "உனக்குக் கை வராதுடா. ஒரு கப்பை நேராப் போடத் தெரியலை, நீ சைக்கிள் செஞ்சு ஊருக்கு விக்கப் போறியா? செத்திருப்ப." "சரிப்பா" என்றாய்.

இனி சொல்லப்போவது உன் அம்மாவுக்கும் தெரியாது. மறுநாள் அந்தச் சட்டத்தையும் கப்பையும் தூக்கிக்கொண்டு காளிகாட்டுக்குப் போனேன். பழியைப் போட இன்னொரு ஆளும் வேண்டியிருந்தது எனக்கு. சந்தில் நாலு பேர் பார்க்க, "உன் ஒட்டு சரியில்லை, என் பிள்ளை சாகப் பார்த்தான்" என்று ஷம்பு மிஸ்திரியைப் பார்த்துக் கத்தினேன். அவர் கப்பை வாங்கி, கிரீஸைத் துணியால் துடைத்தார். ரிஞ்சின் பல் கடித்த தடம் பளிச்சென்று தெரிந்தது. குழாயின் உள்ளே விரலை விட்டுத் தடவினார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தாதா, இதை யாரோ உல்டாவாத் திருகியிருக்காங்க. பைப் ரிஞ்ச் போட்டு. அவன்கிட்ட பைப் ரிஞ்ச் கிடையாது" என்றார். பிறகு அவர் சொன்னதை வங்காளத்திலேயே எழுதுகிறேன், உனக்கு அதுதான் காதில் ஏறும். "ஓர் ஹாத் கூப் பாலோ, தாதா." அவன் கை ரொம்ப நல்ல கை, அண்ணா. பத்து வருஷம் என்னிடம் இருந்தவனுக்கு வராத ஒட்டு இவனுக்குப் பத்து நாளில் வந்தது, எலும்பு கூடினதும் அனுப்புங்கள், இந்தச் சட்டத்தைச் சரி பண்ணிவிடலாம் என்றார். அந்தக் கப்பை ஒரு கம்பியால் சட்டத்தோடு சேர்த்துக் கட்டி, "அவன் பார்க்கட்டும்" என்று என் கையில் கொடுத்தார்.

சட்டத்தைக் கொண்டுவந்து பால்கனி ஆணியில் மாட்டினேன். அவர் சொன்னதை உன்னிடம் சொல்லவில்லை. எலும்பு கூடியதும் உன் அரங்களையும் ஹேக்ஸாவையும் நீயே கோணியில் கட்டி என்னிடம் நீட்டினாய், யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று. கொடுத்துவிட்டேன். கம்ப்யூட்டர் படித்தாய், வேலைக்குப் போனாய், சங்கத்தில் நாலு பேரிடம் நானும் நிமிர்ந்து சொன்னேன். நான் சாதிக்க நினைத்ததைச் சாதித்துவிட்டேன், அதற்குக் கருவி அந்தக் கப். இதற்குத்தான் நீ எனக்கு நன்றி சொல்லியிருக்கிறாய்.

என் மேல் எனக்கு இருக்கும் கோபத்தை நானே பார்த்துக்கொள்வேன், அது உனக்கு வேண்டாம். உன் மேல் இருக்கும் கோபத்தைச் சொல்கிறேன். என்னை எப்படியடா நம்பினாய்? என் கையால் வீட்டில் ஒரு குழாய்க்கு வாஷர் மாற்றி அது ஒழுகாமல் இருந்ததுண்டா? உன் கண்ணெதிரே ஏழு வருடம் அந்தக் கப் கம்பியில் கட்டித் தொங்கியது. தீபாவளிக்கு வந்தாய், பூஜாவுக்கு வந்தாய், அதே பால்கனியில் நின்று சிகரெட் குடித்தாய், எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. ஒரு தடவை அதை அவிழ்த்துத் துடைத்துப் பார்த்திருந்தால் பல் தடம் தெரிந்திருக்கும். வெளிச்சக் கீற்று தெரிகிறது என்று ஒரு குழாயை ஒன்பது தடவை ராவினவன், உனக்குக் கை வராது என்று ஒருத்தன் சொன்னதை மட்டும் அளந்து பார்க்காமல் வாங்கிக்கொண்டாய். சொன்னவன் அப்பனாக இருந்தால் என்ன? இன்னும் நன்றாகச் சோதித்திருக்க வேண்டும். அந்தக் கட்டுரையில் "எனக்குக் கை வராது" என்று நீ எழுதியதைப் படித்தபோது, என் குரலை அப்படியே உன் வாயில் கேட்டேன். நாளைக்கு உனக்கொரு குழந்தை பிறந்து, அது எதையாவது பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, தொடாதே அப்பா என்று சொன்னால், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நில். வாயையும் கட்டிக்கொள். முடியவில்லை என்றால் வெளியே போய் ஒரு டீ குடி.

நானாக நல்லவனாகி இதை எழுதவில்லை, அப்படி நினைத்து மறுபடி ஒரு நன்றி சொல்லிவிடாதே. சென் பாபுவின் மகள் உன் கட்டுரையை உன் அம்மாவுக்கு வரி வரியாகச் சொன்னாள். கடைசிப் பத்தியைக் கேட்டுவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். "நீங்க சொல்றீங்களா, இல்ல கல்யாண மண்டபத்துல எல்லார் முன்னாடியும் நான் சொல்லட்டுமா?" என்றாள். அன்றிலிருந்து தட்டை வைக்கும்போது மட்டும்தான் என்னோடு பேசுகிறாள், அதுவும் தட்டோடுதான் பேசுகிறாள்.

நேற்று காலை காளிகாட்டுக்குப் போனேன். ஷம்பு மிஸ்திரி இருக்கிறார், தலை நரைத்துவிட்டது, அதே கடை. என்னை அடையாளம் தெரிந்தது. "பையன்கிட்ட சொன்னீங்களா?" என்றார், வேறு ஒன்றும் கேட்கவில்லை. இல்லை என்றேன். கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, அவனுக்காக அந்தச் சட்டத்தை நீங்கள் சரி செய்து கொடுக்க முடியுமா, மரையை மாற்றி, பெயிண்ட் அடித்து, பரிசாக என்று இழுத்தேன். அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து கண்ணுக்கு இறக்கினார். "அவன் வரட்டும். அவன் செய்வான். நீங்க தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுத் தீயைப் பற்றவைத்து என் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டார். டீகூடச் சொல்லவில்லை. எனக்கு அது போதும்.

போன வாரம் நீ போனில், சம்பந்தி வீட்டார் வருவதற்குள் பால்கனியில் இருக்கும் அந்த எலும்புக்கூட்டைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடுங்கள் என்றாய். போட மாட்டேன். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் இங்கே வருகிறாய் அல்லவா, வந்ததும் நேரே என் காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்கச் சொல்வார்கள். விழாதே. முதலில் பால்கனிக்குப் போ. கம்பியை அவிழ்த்து, அந்தக் கப்பைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார். குழாயின் உள்ளே விரலை விட்டுப் பார். பின்பக்கத்தில் நீ போட்ட நாலு ஒட்டையும் தடவிப் பார், ஒன்றில்கூடக் கீறல் விடவில்லை. அதன் பிறகு என் காலில் விழுவதா, என்னை நாலு வார்த்தை கேட்பதா, காளிகாட்டுக்குக் கிளம்புவதா என்று நீயே முடிவு செய். துரு அப்படியேதான் இருக்கிறது, கம்பி அப்படியேதான் இருக்கிறது. சைக்கிளை நான் தொடவில்லை. இந்தத் தடவை அது உண்மை.